"தங்கச்சிக்குத்தான் மிஸ்": காமிக்ஸ் அலமாரி கற்றுக்கொடுத்தவை

ஒரு பள்ளி நூலகத்தில் காமிக்ஸ் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. புத்தகம் எடுக்க வரும் பெற்றோரும், பரிசு வாங்க யோசனை கேட்கும் ஆசிரியர்களும், பழைய புத்தகங்களைக் கொடுக்க வருபவர்களும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது பசங்களுக்கா, பொண்ணுங்களுக்கா?" நாவல் கேட்டு வந்தால் வயதைச் சொல்லிக் கேட்பார்கள். காமிக்ஸ் என்றால் வயது இரண்டாவதாகத்தான் வரும்.

இத்தனை காலம் அந்த அலமாரிப் பக்கம் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஒரு காமிக்ஸை யார் படிப்பார்கள் என்பதைக் கதை தீர்மானிப்பது குறைவு. அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அட்டையில் என்ன இருக்கிறது, யார் எடுத்து நீட்டுகிறார்கள் என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றும் நம் கையில் இருப்பவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 'கார்ட்கேப்டர் சகுரா' முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். சகுரா என்ற சிறுமி மந்திரக் கார்டுகளைத் தேடிப் பிடிக்கும் ஜப்பானியக் காமிக்ஸ் தொடர் அது. இளஞ்சிவப்பு அட்டை, கையில் மந்திரக்கோலோடு ஒரு சிறுமி. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "தங்கச்சிக்கு மிஸ்" என்றான். பதிவு செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் இரண்டாம் பாகம், அதுவும் தங்கச்சிக்கு. மூன்றாவதை எடுக்க வந்தபோது மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"மிஸ், இந்த ஷாவ்ரன் எதிரியா, ஃப்ரெண்டா? தங்கச்சிக்குக் குழப்பமா இருக்காம்."

"அவளுக்கு என்ன தோணுதாம்?"

"எதிரி மாதிரிதான் வந்தான். ஆனா போன தடவை கார்டு பிடிக்கும்போது அவன் நெனச்சிருந்தா அவளைத் தனியா விட்டுட்டுப் போயிருக்கலாம், போகல. அதான்…"

"அப்ப அடுத்த பாகத்தையும் கொண்டுபோய்க் குடு. அவளே கண்டுபிடிக்கட்டும்."

அவனுக்குத் தங்கை இருக்கிறாளா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. அவன் தேடிக்கொண்ட அந்த மறைப்பை விலக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. "நீயே படிக்கிறேன்னு சொல்லு, இதுல என்ன வெட்கம்" என்று நான் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால்கூட, பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதில் அது விழுந்திருக்கும். நான்காம் பாகம் எடுக்க அவன் வந்திருக்க மாட்டான். நூலகத்திலோ வீட்டிலோ இப்படி ஒரு பையனைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதையைப் பற்றி மட்டும் பேசுங்கள், படிப்பவனைப் பற்றிப் பேசாதீர்கள்.

நூலகத்தில் எனக்கு அதிகம் வலித்த விஷயம் இந்த ஏற்றத்தாழ்வு. ஒரு பெண் குழந்தை வாள்சண்டை மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், படித்தால், "பரவாயில்லையே" என்று பாராட்டு கிடைக்கிறது. ஒரு பையன் நட்பும் காதலும் பேசும் கதையைப் படித்தால் கேலி கிடைக்கிறது. பையன்களுக்கான கதையைத் தொடுவது ஒரு படி மேலே ஏறுவது போலவும், பெண்களுக்கான கதையைத் தொடுவது ஒரு படி இறங்குவது போலவும் நாம் பார்க்கிறோம். கேலி பையன் மேல் விழுந்தாலும், மட்டமென்று முத்திரை விழுவது பெண் குழந்தைகள் விரும்பும் கதைகள் மேல்தான். அதைப் பக்கத்தில் நின்று கேட்கும் பெண் குழந்தைக்கும் அது புரிகிறது.

அந்தப் பாராட்டிலும் ஒரு கொக்கி இருக்கிறது. சூப்பர்ஹீரோ காமிக்ஸ் எடுக்கும் பெண் பிள்ளையிடம், பெரிய வகுப்புப் பையன்கள் உடனே தேர்வு வைப்பார்கள்: "அப்ப சொல்லு பாக்கலாம், இவனோட நிஜப் பேரு என்ன? இவன் முதல்ல எந்தக் கதையில வந்தான்?" பையன்களை இப்படி யாரும் சோதிப்பதில்லை. எங்கள் அலமாரிப் பக்கத்தில் அந்த விளையாட்டை நான் நிறுத்திவிட்டேன். கேள்வி கேட்க ஆசை என்றால், "உனக்கு இதுல எது பிடிச்சது?" என்று கேட்கலாம். அதற்குத் தப்பான பதில் கிடையாது.

காமிக்ஸ் எப்போதுமே பையன்களுக்கானது என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் அமெரிக்க வரலாறு ஒன்று உண்டு. 1941ல் கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அதே ஜோ சைமனும் ஜாக் கிர்பியும், 1947ல் 'யங் ரொமான்ஸ்' என்ற காதல் கதை காமிக்ஸைத் தொடங்கினார்கள். சற்று வளர்ந்த வாசகர்களுக்கானது என்று அட்டையிலேயே போட்டார்கள். லட்சக்கணக்கில் விற்றது. மற்ற பதிப்பாளர்களும் வரிசையாக அதே வழியில் இறங்கினார்கள். அப்போது காமிக்ஸ் தெருமுனைப் பத்திரிகைக் கடையில், மருந்துக்கடைச் சுழல் அடுக்கில் இருந்தது. எதையோ வாங்கப் போன பெண்ணின் கண்ணில் தானாகப் பட்டது.

1954ல், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று வாதிட்ட மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாமின் புத்தகமும், அமெரிக்க செனட் விசாரணையும், அதைத் தொடர்ந்து பதிப்பாளர்கள் தாங்களாகவே விதித்துக்கொண்ட காமிக்ஸ் ஒழுங்குவிதியும் வந்தன. குற்றக் கதைகளும் பேய்க் கதைகளும் வெட்டுப்பட்டதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். காதல் கதைகளுக்கும் ஒரு விதி இருந்தது: அவை குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். விவாகரத்தையோ, வேலையா வீடா என்ற தவிப்பையோ நேர்மையாகச் சொல்ல இடம் குறுகிப்போனது. ஒரு பெண் தன் வாழ்க்கையை அடையாளம் காண முடிகிற கதைகள் மங்கி, எல்லாம் கல்யாணத்தில் முடிகிற ஒரே கதையாகிவிட்டன.

அடுத்த அடி விற்பனை முறையில் விழுந்தது. 1970களில் ஃபில் சூலிங் என்பவர் பதிப்பாளரிடமிருந்து நேராக காமிக்ஸ் கடைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். கடைக்காரருக்குத் தள்ளுபடி அதிகம். ஆனால் விற்காத பிரதியைத் திருப்பித் தர முடியாது. விற்காத பிரதி தன் தலையில் விழும் என்றால் எந்தக் கடைக்காரரும் தெரிந்த வாடிக்கையாளருக்குப் பிடித்ததைத்தானே வரவழைப்பார்? அந்த வாடிக்கையாளர் பெரும்பாலும் சூப்பர்ஹீரோ கதைகளைச் சேகரிக்கும் ஆண். காலப்போக்கில் பத்திரிகைக் கடைகளிலிருந்து காமிக்ஸ் குறைந்துபோனது. தனிக் கடைக்குள் நுழைந்த பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் சூழலும் உண்டானது. கடைசியில், "பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை" என்பது இயற்கை விதி போலப் பேசப்பட்டது.

அது விதி இல்லை என்பது பிறகு தெரிந்தது. 2000களின் தொடக்கத்தில் மங்கா மொழிபெயர்ப்புகள் சின்ன அளவுப் புத்தகங்களாகப் பொதுப் புத்தகக் கடைகளுக்கு வந்தபோது, பெண் பிள்ளைகள் கடைத் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். 2010ல் ரைனா டெல்கெமையரின் 'ஸ்மைல்' வந்தது. பள்ளிப் புத்தகக் கண்காட்சிகள் வழியே குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்கள் போகிற வழியில் காமிக்ஸ் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வரலாற்றைப் படித்த கையோடு எங்கள் அலமாரி இருக்கும் இடத்தை மறுபடி பார்த்தேன். விளையாட்டுச் சாமான் அறையின் வாசலுக்குப் பக்கத்தில், பெரிய பையன்கள் கும்பலாக நிற்கும் மூலையில் இருந்தது. அந்தக் கும்பலைத் தாண்டித்தான் யாரும் உள்ளே போக முடியும். அலமாரியை நாளிதழ்கள் இருக்கும் பக்கம், எல்லோரும் நடக்கும் வழிக்கு மாற்றினோம். புதிய புத்தகம் ஒன்றுகூட வாங்கவில்லை. ஏழாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அங்கே நின்று புரட்ட ஆரம்பித்தார்கள், பிறகு நான்கு பேர் ஆனார்கள். காமிக்ஸ் வைத்திருக்கும் எந்த இடத்துக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். என்ன புத்தகம் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தயக்கமில்லாமல் அந்த இடத்தில் நிற்க முடியுமா என்று போய்ப் பாருங்கள்.

நன்கொடையாக வந்த புத்தகங்களோடு 'பாய்ஸ்', 'கேர்ள்ஸ்' என்று எழுதிய இரண்டு பலகைகளும் வந்திருந்தன. அவற்றை வைக்கவில்லை. சிரிக்க, பயப்பட, துப்பறிய, நண்பர்கள், நிஜ வாழ்க்கை என்று பிரித்தேன். 'ஸ்மைல்' நிஜ வாழ்க்கை வரிசைக்குப் போனது. அது ரைனாவின் சொந்தக் கதை. ஆறாம் வகுப்பில் தடுக்கி விழுந்து முன்பல் இரண்டை இழந்து, வருடக்கணக்கில் பல் மருத்துவரிடம் அலைந்த கதை. அட்டையில் பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. மஞ்சள் சிரிப்பு முகம், பல்லில் கம்பி, அவ்வளவுதான். பல்லில் கம்பி போட்டிருந்த ஒரு பையன் அதை எடுத்துப் பார்த்தான். பல் மருத்துவர் கம்பியை முறுக்கும் கட்டத்தில் நின்று, நாக்கால் தன் கம்பியைத் தடவிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினான். எழுதியது பெண், நாயகி பெண் என்பதெல்லாம் அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொருட்டே இல்லை.

அட்டையின் பலத்தை நேராகப் பார்த்ததால் இன்னொரு காரியமும் செய்தோம். கை மாறி மாறி அட்டை கிழிந்த தொடர்களுக்கு ஒரே நிறத்தில் காலிகோ பைண்டிங் போட்டு, முதுகில் பெயரை மட்டும் எழுதினோம். கிழிசலுக்காகச் செய்தது. ஆனால் சகுரா தொடரின் பைண்டிங் போட்ட பிரதிகளைப் பையன்கள் தங்கையை இழுக்காமலேயே எடுத்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு சூப்பர்ஹீரோயின் புத்தகத்தை எடுத்த பெண் ஒருத்தி, மேசை வரைக்கும் அட்டையை மார்போடு திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள். கதை நல்ல கதை. அட்டை ஓவியம்தான் அவளைக் கூச வைத்தது. ஓவியம் பழகும் கல்லூரி மாணவர்கள் ஒருமுறை வந்தபோது அந்த மாதிரி அட்டை ஒன்றைக் கொடுத்து, மூட்டு மடங்கும் மர பொம்மையை அதே போல நிறுத்தச் சொன்னேன். மார்பும் பின்புறமும் ஒரே நேரத்தில் பார்ப்பவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இடுப்பைக் கழற்றாமல் பொம்மையை அப்படி நிறுத்த முடியவில்லை. அந்த உடலை அவளுக்காக வரையவில்லை என்று மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. படம் வரைகிறவர்கள் இதை ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும்.

மங்கா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் குழம்புவது அங்கேதான். ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்ற பிரிவுகள் முறையே சிறுவர், சிறுமியர், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள் என்று வாசகர்களை மனதில் வைத்து நடத்தப்படும் இதழ்களைக் குறிப்பவை. கதை எந்த இதழில் வந்ததோ அந்த முத்திரை அதன் மேல் விழுகிறது. உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ரியோகோ இகெடாவின் 'ரோஸ் ஆஃப் வெர்சாய்' 1972ல் 'மார்கரெட்' என்ற சிறுமியர் இதழில் தொடங்கியது. ஆணைப் போல வளர்க்கப்பட்ட ஆஸ்கர், அரண்மனைக் காவல் படைக்குத் தலைமை தாங்கி, பிரெஞ்சுப் புரட்சிக்கு நடுவில் போய் நிற்கிற கதை. பெரிய வகுப்பில் வரலாறும் வாளும் பிடித்த பையன் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

திருப்பிப் பார்த்தாலும் அப்படியே. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 2001ல் சிறுவர் இதழில் தொடங்கியது. எழுதி வரைந்தவர் ஹிரோமு அராகாவா என்ற பெண். ருமிகோ தகாஹாஷி 1978 முதல் சிறுவர் வார இதழில் எழுதிப் புகழ்பெற்றவர். பிரான்ஸின் அங்கூலேம் காமிக்ஸ் விழாவில் 2016ல் பெரும் பரிசுக்கு 30 பேர் பட்டியல் போட்டார்கள். ஒரு பெண்கூட இல்லை. பட்டியலில் இருந்த ஆண்களே பலர் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். 2019ல் அதே பரிசு தகாஹாஷிக்குப் போனது. 'கே-ஆன்!' தொடரையும் சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடையில் கிட்டார் வாசிக்கும் பெண்கள் அட்டையில் இருப்பார்கள். சிறுமிகளுக்கான புத்தகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தொடராக வந்த இதழோ முக்கியமாக வளர்ந்த ஆண்களை நினைத்து நடத்தப்படுவது. அந்தத் தொடரில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் குட்டிப் பெண்கள் அட்டையில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நம்பிப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாத தொடர்களும் உண்டு. பின்னட்டையில் போட்டிருக்கும் வயதைப் பாருங்கள், நடுவில் ஒரு பத்துப் பக்கம் நீங்களே புரட்டுங்கள். ஆணா பெண்ணா என்ற கேள்வியில் செலவாகும் கவலை வயதின் மேல் போனால் பிள்ளைகளுக்கு நல்லது.

அலமாரியில் படைப்பாளிகளைப் பற்றிச் சின்னக் குறிப்பு அட்டைகள் எழுதி வைத்திருக்கிறேன். இதற்கு ஆகும் உழைப்பு கொஞ்சம், பலன் பெரிது. 1940ல் 'பிரெண்டா ஸ்டார்' என்ற பெண் நிருபர் தொடரைத் தொடங்கியவர், டாலியா என்ற தன் பெயரை, ஆண் பெயர் போலவும் ஒலிக்கும் டேல் மெஸிக் என்று மாற்றிக்கொண்டுதான் பத்திரிகைகளுக்கு வேலையை அனுப்பினார். 1941ல் 'மிஸ் ஃப்யூரி' என்ற சூப்பர்ஹீரோயினை உருவாக்கிய ஜூன் டார்ப்பே மில்ஸ், முதல் பெயரை விட்டுவிட்டு டார்ப்பே மில்ஸ் என்று மட்டும் கையெழுத்துப் போட்டார். வொண்டர் வுமன் கதைகளை 1944 முதல் எழுதிய ஜாய் ஹம்மலின் பெயர் அப்போது எந்தப் பக்கத்திலும் வரவில்லை. 2018ல்தான் காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கான பில் ஃபிங்கர் விருது வழியாக அவருக்கு அங்கீகாரம் கிடைத்தது.

அராகாவா பற்றிய குறிப்பு அட்டையைப் படித்துவிட்டு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நேராக என்னிடம் வந்தான். "மிஸ், நிஜமாவே இது ஒரு லேடி எழுதினதா? அப்ப நான் இவ்வளவு நாளா பொண்ணுங்க காமிக்ஸா படிச்சிட்டிருந்தேன்?" அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. "நீ படிச்சது உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். யோசித்தான். "அந்த அண்ணன் தம்பி விஷயம் எல்லாம்… சூப்பரா இருந்துச்சு மிஸ்." அடுத்த பாகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

போன வருடம் ஒரு தந்தை கோபமாக வந்தார். "என் பையனுக்கு ஏம்மா பொண்ணுங்க புக்கா குடுக்கறீங்க?" உட்காரச் சொல்லி, புத்தகத்தைத் திறந்து கையில் கொடுத்து, முதல் அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொன்னேன். படித்தார். கதையில் தப்பு ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "பஸ்ல பசங்க கிண்டல் பண்ணுவாங்கம்மா. போன வருஷமே அவன் நிறைய அழுதுட்டான்" என்றார். அவருக்குப் புத்தகத்தின் மேல் வெறுப்பு இல்லை, பிள்ளை அடிபடக் கூடாதே என்ற பதைப்பு. அது நியாயமான பயம். பைண்டிங் போட்ட பிரதியை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் அது அந்த ஒரு பையனுக்கு மட்டும்தான் உதவும். அதனால் நூலக வகுப்பு நேரத்தில் ஒரு தொடரின் முதல் அத்தியாயத்தைத் திரையில் போட்டு, வகுப்பு முழுவதும் சேர்ந்து படிக்கிறோம். பாத்திரங்களின் வசனத்தை ஆளுக்கொன்றாகப் படிப்பார்கள். யார் எந்தப் பாத்திரம் என்று சீட்டு எடுப்பதால், பையன் சகுராவாகப் பேசுவான், பெண் ஷாவ்ரனாகப் பேசுவாள். எல்லோரும் சேர்ந்து படித்த கதை என்பதால், அடுத்த பாகத்தை யார் கையில் வைத்திருந்தாலும் பஸ்ஸில் எழும் கேள்வி "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதாகத்தான் இருக்கிறது. கேலி முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது, அந்தப் பையனும் பைண்டிங் இல்லாத பிரதிகளை எடுக்க ஆரம்பித்திருக்கிறான். அடுத்ததாக 'யோகோ சுனோ'வை எடுத்து வைத்திருக்கிறேன். ரோஜர் லெலூப் 1970ல் பெல்ஜியத்தின் 'ஸ்பிரூ' வார இதழில் தொடங்கிய தொடர். நாயகி எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர், கூட வரும் நண்பர்கள் இருவரும் ஆண்கள். இயந்திரங்களை லெலூப் வரைந்திருக்கும் நுணுக்கத்துக்கே வகுப்பு அடங்கி உட்காரும் என்று நினைக்கிறேன்.